‘பரதேசி’ சொல்லாமல் விட்ட பெயர்

பள்ளிக்கரணையில் எங்கள் தோழர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை படம் போடுகிறோம். சுவரில் வெள்ளை வேட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜக்டர், உட்காரத் தார்ப்பாய். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். சென்ற மாதம் இயக்குநர் பாலாவின் ‘பரதேசி’யைப் போட்டோம். 2013 மார்ச்சில் வெளிவந்த படம். வந்திருந்த பிள்ளைகளில் பலர் அப்போது நடை பழகிக்கொண்டிருந்திருப்பார்கள்.

படம் முடிந்து விளக்கைப் போட்டபோது உடனே யாரும் எழுந்திருக்கவில்லை. பலரும் அழுதிருந்தார்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்தான் முதலில் பேசினாள்.

“அண்ணா, இவங்கல்லாம் யாரு?”

“தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போன கூலி ஜனங்க. வெள்ளைக்காரன் காலம்.”

“அது தெரியுதுண்ணா. எந்த ஆளுங்க? நம்ம ஆளுங்களா?”

‘ஆமாம்’ என்றுதான் பதில் சொன்னேன். ஆனால் அந்தப் பதில் நான் படித்ததிலிருந்தும் கேட்டதிலிருந்தும் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிய அந்தப் படத்தில் அதற்கு ஒரு வரி ஆதாரம்கூட இல்லை. அந்தப் பெண்ணின் கேள்வியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நடித்தவர்களின் உழைப்பு

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படம் 1939ஆம் ஆண்டு சாலூர் என்ற கிராமத்தில் தொடங்குகிறது. ஊருக்குத் தண்டோரா போட்டு, வீடுவீடாகச் சோறு வாங்கித் தின்று திரியும் வெள்ளந்தி இளைஞன் ராசா. ஊரார் வைத்த பெயர் ஒட்டுப்பொறுக்கி. அவன்மேல் ஆசை வைக்கும் அங்கம்மா. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வரும் கங்காணி நல்ல கூலி, நல்ல வீடு என்று ஆசை காட்டி முன்பணம் கொடுக்கிறான். ஊர் சனம் அவன் பின்னால் நாள்கணக்கில் நடக்கிறது. போய்ச் சேர்ந்த பிறகுதான் அது திரும்பி வர முடியாத இடம் என்பது தெரிகிறது. கூலியில் கங்காணிக்கு, கடைக்கு, மருந்துக்கு என்று பிடித்தது போகக் கடன்தான் மிஞ்சுகிறது. தப்பி ஓடப் பார்த்தவனின் குதிகால் நரம்பை வெட்டுகிறார்கள். கொள்ளை நோய் வந்து கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள்.

ராசாவாக நடித்த அதர்வாவுக்கு அதற்கு முன் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் படங்கள். ‘பாணா காத்தாடி’யில் பார்த்த நகரத்துப் பையன் இதில் முழுசாகக் காணாமல் போய்விட்டான். முதல் பாதியில் தோள்கள் தளர்ந்து, சிரிப்பு வாய் நிறைய, யார் கூப்பிட்டாலும் ஓடுகிற கால்கள். பிற்பாதியில் அதே உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூனிக் குறுகுகிறது. நரம்பு வெட்டுப்பட்ட பிறகு அவர் இழுத்து நடக்கும் நடையில் நடிப்பு என்று பிரித்துச் சொல்ல எதுவும் இல்லை. கடைசிக் காட்சியில், ஊரில் பத்திரமாக இருப்பாள் என்று நம்பியிருந்த அங்கம்மா பிள்ளையோடு அதே தோட்டத்துக்குக் கூலியாக வந்து நிற்கும்போது, பாறைமேல் உட்கார்ந்து அவர் கதறுவார். எங்கள் மாடியில் பிள்ளைகளை அழ வைத்தது அந்தக் கதறல்தான்.

மரகதமாக வரும் தன்ஷிகாவை இன்னும் உயர்வாகச் சொல்வேன். புருஷன் ஓடிப்போனதால் அவனுடைய கடனையும் சுமந்துகொண்டு, பெண் குழந்தையோடு லயத்தில் கிடக்கும் ஒருத்தி. அவர் எந்த இடத்திலும் நம்மிடம் இரக்கம் கேட்கவில்லை. கொழுந்து கிள்ளுகிற கையில் வேகம், முகத்தில் ஒரு கடுகடுப்பு. இரவல் இடத்தில் தங்க வந்த ராசாவை எரிச்சலோடு பார்ப்பதும், பிறகு சொல்லாமலே சோற்றைப் பங்கு வைப்பதும் எங்கள் அம்மாக்களிடம் நாங்கள் பார்த்தவை. ராசாவின் பாட்டியாக வரும் கச்சம்மாள் கேமராவையே கவனிக்காத மாதிரி நடமாடுகிறார். அங்கம்மாவாக வரும் வேதிகாவும் உழைத்திருக்கிறார். ஆனால் கறுத்த பெண் ஒருத்தியைக் காட்டச் சிவந்த நடிகைக்குச் சாயம் பூசித்தான் ஆக வேண்டுமா என்ற வருத்தம் எனக்கு உண்டு.

செழியனின் ஒளிப்பதிவும் குறையில்லாதது. 60ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் ஆடை வடிவமைப்புக்கான விருது இந்தப் படத்துக்காகப் பூர்ணிமா ராமசாமிக்குக் கிடைத்தது. அந்த முரட்டுத் துணிக்கு விருது கொடுத்ததில் தவறில்லை. அந்தத் துணியை உடுத்தியவர்கள் யார் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

தண்டோரா யார் தோளில் தொங்கியது?

தமிழ்நாட்டுக் கிராமத்தில் தண்டோரா போடுவது யார் வேலை என்பதை யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாவுச் சேதி சொல்வது, ஊருக்கு அறிவிப்பு சொல்வது, கூலியாகப் பழைய சோறு வாங்குவது எல்லாம் சேரியின் தலையில் கட்டிய சாதிக் கடமை. அதனால்தான் 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தைத் தடை செய்யும்படி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஒலிபெருக்கி வந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் அது ஒருவரின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் அந்தக் கடிதத்தின் பொருள்.

படத்தின் நாயகன் அந்த வேலையைத்தான் செய்கிறான். வீடுவீடாகச் சோறு வாங்குகிறான். ஆனால் சாலூரில் ஊர் வேறு, சேரி வேறு என்ற கோடே இல்லை. எல்லோரும் ஏழைகள், எல்லோரும் ஒரே மாதிரி. ஒரு கல்யாணப் பந்தியில் ராசாவுக்கு மட்டும் சோறு விழாமல் போகிறது. அது அங்கம்மா செய்த குறும்பு என்று காதல் காட்சியாக நகர்ந்துவிடுகிறது. பந்தியில் சோறு மறுக்கப்பட்டவனின் கண்ணீருக்கு இந்த மண்ணில் எவ்வளவு நீண்ட கதை இருக்கிறது! அதர்வா அந்த இடத்தில் அழும் அழுகை அந்தக் கதையைத் தெரிந்தவனின் அழுகை மாதிரி இருக்கிறது. திரைக்கதைக்கு அது தெரியவில்லை.

தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கங்காணிகளும் மேஸ்திரிகளும் எந்தத் தெருவுக்குள் நுழைந்தார்கள் என்பது வரலாறு. பண்ணையில் படியாளாகக் கட்டுண்டு கிடந்த பள்ளர், பறையர், அருந்ததியர் குடும்பங்கள்தான் பெரும்பகுதி மலையேறின. ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் போனார்கள், கடல் தாண்டி இலங்கைக்கும் போனார்கள். அவர்களை வெறும் ஏழைகள் என்று சொன்னால் பஞ்சம் மட்டும்தான் காரணம் என்றாகிவிடும். நிலமில்லாமல் வைத்திருந்தது யார், அடித்தால் கேட்க ஆளில்லாமல் வைத்திருந்தது யார், வாழ்ந்த ஊரை விட்டு ஓடினால் போதும் என்று நினைக்க வைத்தது யார் என்ற கேள்விகள் எழாமலே போகும். வெள்ளைக்காரத் துரையும் கங்காணியும் மட்டும் வில்லன்களாக மிஞ்சுவார்கள். ஊர்ப் பண்ணையார் படத்துக்கு வெளியே நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

டாக்டர் எப்படிக் கோமாளி ஆனார்?

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. இந்தப் படத்துக்கு மூலம் பி.எச்.டேனியல் எழுதிய ‘ரெட் டீ’ என்ற ஆங்கில நாவல். 1969இல் வெளிவந்தது. தமிழில் இரா.முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் மொழிபெயர்த்தார். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். வயதான தொழிலாளர்களோடு பேசிப் பேசிச் சேகரித்த அனுபவங்களைத்தான் நாவலாக்கினார். தோட்ட ஊழியர்களுக்குச் சங்கம் கட்டியவரும்கூட.

நாவலில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மேஸ்திரியை நம்பி மலைக்குப் போகும் கருப்பன், வள்ளி தம்பதியின் கதையோடு ஆபிரகாம் என்ற மருத்துவரின் கதையும் வருகிறது. தொழிலாளிகளின் சாவைக் கண்டு பொறுக்காமல், துரைமார்களோடு மல்லுக்கு நிற்கிற மனிதர் அவர். அந்த இருட்டில் தெரிகிற சிறு வெளிச்சம்.

படத்தில் அந்த மருத்துவர் பரிசுத்தம் ஆகிவிட்டார். வெள்ளைக்கார மனைவியோடு வந்து, செத்துக்கொண்டிருக்கும் சனங்களுக்கு நடுவே ஆடிப் பாடி, மதம் மாற்றுவதே வேலையாக இருக்கும் ஒரு கேலிச் சித்திரம். தன் வாழ்நாளில் பார்த்ததை எழுதிவைத்த ஒரு மருத்துவரின் நாவலை எடுத்து, அந்த மருத்துவரையே கோமாளியாக்குவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நாவலை வரிக்கு வரி எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இயக்குநருக்கு மாற்றும் உரிமை உண்டு. எதை மாற்றினார் என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. கங்காணியின் கொடுமை அப்படியே இருக்கிறது, சாவு அப்படியே இருக்கிறது, பெண்கள்மேல் துரையின் கை படுவதும் இருக்கிறது. தொழிலாளிக்காகப் பேசிய ஒரே குரல் மட்டும் மாறிப் போயிருக்கிறது.

மதமாற்றத்தைக் காட்டிய விதமும் நமக்கு உறுத்துகிறது. ஒடுக்கப்பட்ட மக்கள் மதம் மாறியதை ரொட்டிக்கு விலைபோனதாகப் பேசுவது பழைய பேச்சு. பள்ளிக்கூட வாசலில் நிற்க முடியாதவன் மிஷன் பள்ளிக்குள் நுழைந்தான். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த இழிவைக் கழற்ற வேறு வழி தேடினான். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தத்தைத் தேர்ந்தெடுத்ததும், 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியதும் யோசித்து எடுத்த முடிவுகள். அந்த யோசனைக்கு இந்தப் படத்தில் இடமே இல்லை. பசித்தவனுக்கு மூளை இருக்காது என்று நினைத்துக்கொண்டு எடுத்த காட்சி அது.

மலைக்குப் போனவர்கள் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. அயோத்திதாசர் வளர்ந்ததும் செயல்படத் தொடங்கியதும் நீலகிரியில்தான். பின்னாளில் சென்னையில் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்திய இரட்டைமலை சீனிவாசன் இளமையில் நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்தவர். யாருடைய பெயரைத் திரையில் சொல்லக் கூசுகிறார்களோ, அவர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெயரைத் தலைப்பில் அச்சடித்து விற்றார்கள்.

கலைப்படங்களின் பழைய நோய்

இந்த நோய் பாலாவோடு தொடங்கியதும் இல்லை. 1984இல் கௌதம் கோஷ் இயக்கிய ‘பார்’ என்ற இந்திப் படம். நிலக்கிழாரின் ஆட்கள் சேரியைக் கொளுத்த, ஊரை விட்டுத் தப்பி கல்கத்தாவுக்கு ஓடும் கணவன் மனைவியின் கதை. ஊர் திரும்பக் காசில்லாமல், ஒரு பன்றிக் கூட்டத்தை ஆற்று வெள்ளத்தில் நீந்தி அக்கரை சேர்க்கும் வேலையை ஏற்கிறார்கள். அவள் கர்ப்பிணி. நசீருதீன் ஷாவும் ஷபானா ஆஸ்மியும் அந்தத் தண்ணீரில் கிடந்து நடித்ததை மறக்க முடியாது. நசீருதீனுக்கு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஆனால் அந்தக் கதையிலும் சேரிக்கு விழிப்பூட்ட வெளியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் வர வேண்டியிருந்தது. நாம் வெள்ளத்தில் நீந்துவதை மட்டும் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தார்கள்.

அதற்கு முன்பு, 1981இல் சத்யஜித் ரே தூர்தர்ஷனுக்காக எடுத்த ‘சத்கதி’, பிரேம்சந்தின் சிறுகதை. மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துத் தரச் சொல்லி பிராமணரின் வீட்டுக்குப் போகும் துக்கி, வெறும் வயிற்றோடு கட்டை பிளந்து செத்துப் போகிறான். ஓம் புரியும் ஸ்மிதா பாட்டீலும் அந்தச் சிறிய படத்தைத் தோளில் சுமந்தார்கள். அதிலும் எனக்குக் குறை உண்டு. பிணத்தைத் தூக்க மாட்டோம் என்று துக்கியின் தெருக்காரர்கள் மறுப்பதுதான் அந்தக் கதையிலேயே பெரிய செயல். அந்த மறுப்பைவிடத் துக்கியின் சாவில்தான் படம் அதிக நேரம் நிற்கிறது. ஆனாலும் துக்கி என்ன சாதி, அவனை வேலை வாங்கியவர் என்ன சாதி என்பதை ரே மறைக்கவில்லை. அரசுத் தொலைக்காட்சியில் 1981இல் சொல்ல முடிந்ததைத் தமிழ் சினிமா 2013இல் சொல்லவில்லை.

சாதிப் பெயரைச் சொன்னால் பிரச்சினை வரும், தணிக்கையில் சிக்கும், தியேட்டரில் தகராறு வரும் என்பார்கள். 2018இல் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. ஒடுக்குவது யார், ஒடுக்கப்படுவது யார் என்று பார்த்தவர்கள் எல்லோருக்கும் புரிந்தது. படமும் ஓடியது.

மாஞ்சோலைக்குப் பெயர் உண்டு

தேயிலைத் தோட்டத்துச் சனங்களைத் தோற்றவர்களாக மட்டும் காட்டுவது ஏன் பொய் என்றால், அதே சனங்கள் நம் காலத்தில் என்ன செய்தார்கள் என்பது கண்முன்னே இருக்கிறது. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தோழர்களை விடுவிக்கக் கேட்டும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அந்தச் சம்பவத்தைப் பற்றி ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த ‘நதியின் மரணம்’ ஆவணப்படத்தில் நட்சத்திரங்கள் கிடையாது. ஆனால் யார் செத்தார்கள், ஏன் செத்தார்கள் என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

தோட்டத்தில் குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைகளுக்குப் படிப்பு ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கிய தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்ததும் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததால் வரவில்லை. சங்கம் வைத்து, அடிபட்டு வாங்கியது. அதே மாஞ்சோலையில் 2028இல் முடியும் குத்தகையைக் காரணம் காட்டி, 2024இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களைக் கணக்கு முடித்தார்கள். நான்கைந்து தலைமுறையாக மலையில் பிறந்து வளர்ந்தவர்களிடம், கீழே இறங்குங்கள் என்றார்கள். ‘பரதேசி’ பார்த்து அழுத நம்மில் எத்தனை பேர் அந்தச் செய்தியை முழுதாகப் படித்தோம்?

பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் இது தூரத்துக் கதை இல்லை. ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் வாழ்ந்தவர்களை லாரியில் ஏற்றி இங்கே இறக்கியபோது அரசுத் தாளில் இருந்த சொல் ‘ஆக்கிரமிப்பாளர்’. பெரும்பாலோர் தலித்துகள் என்பதை அந்தச் சொல் மறைத்துவிட்டது. சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் கட்டிய உயர்ந்த கண்ணாடிக் கட்டடங்களுக்கு அந்தப் பெயர் வரவில்லை. பெருங்குடிக் குப்பை மேட்டில் பொறுக்குபவர்கள் யார், ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்குத் தெருக்கூட்டுபவர்கள் யார் என்று கேட்டால், ‘பாவம், ஏழைகள்’ என்று பதில் வரும். சாலூரிலும் அதே பதில்தான். பெயரை எடுத்துவிட்டால் உரிமை கேட்பதற்கும் இடமில்லாமல் போகிறது. இரக்கத்துக்கு மட்டும் இடம் இருக்கிறது.

அதனால் படத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அதர்வாவுக்காகவும் தன்ஷிகாவுக்காகவும் பாருங்கள். பார்த்த கையோடு ‘எரியும் பனிக்காடு’ நாவலையும் வாங்கிப் படியுங்கள். பிள்ளைகளோடு பார்த்தால், படம் சொல்லாததை நீங்கள் சொல்லுங்கள். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் அந்த நாவலைத்தான் எடுத்திருக்கிறோம். பிள்ளைகளிடம் இன்னொரு வேலையும் கொடுத்தோம். வீட்டில் மூத்தவர்களிடம் போய், நாம் எந்த ஊரிலிருந்து வந்தோம், யார் கூட்டி வந்தார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொன்னோம்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் போன வாரம் நோட்டோடு வந்தாள். அவளுடைய பாட்டி உத்திரமேரூர் பக்கம். சித்தாள் வேலைக்கு என்று சின்ன வயதில் பட்டணத்துக்கு வந்தவர். அடையாற்றங்கரையில் குடிசை போட்டு வாழ்ந்து, வயதான பிறகு பெரும்பாக்கத்தில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர். இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். கூட்டி வந்த மேஸ்திரியின் பெயரும், அன்றைக்குப் பாட்டியின் அப்பா கையில் அவன் கொடுத்த முன்பணம் எவ்வளவு என்பதும் அதில் இருந்தன.